25 நாள் கதிர்வீச்சு 15 நாளாகச் சுருங்கியது எப்படி?

மார்பகத்தில் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். ஸ்கேனுக்கும் தட்டுப்படாத புற்றுசெல்கள் எங்காவது தங்கியிருந்தால் அவற்றையும் அழிப்பதற்காக. நெடுங்காலம் இதற்கு வழக்கமான கணக்கு, ஒரு வேளைக்கு 2 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம் 25 வேளை, மொத்தம் 50 கிரே. ஐந்து வாரம் ஆகும். இன்று பலருக்கு மூன்றே வாரத்தில், 15 வேளையில், 40 கிரேயோடு முடிந்துவிடுகிறது.

நாளும் குறைவு, மொத்த அளவும் குறைவு என்றால் சிகிச்சையே அரைகுறையோ என்ற பயம் வருவது இயல்பு. ஆனால் செல்லுக்குள் நடப்பது வேறு.

கதிர் பட்டதும் செல்லின் டி.என்.ஏ. அறுபடுகிறது. ஒரு இழை மட்டும் அறுந்தால் செல் அதை எளிதில் சரிசெய்துகொள்ளும். இரண்டு இழைகளும் அருகருகே அறுந்தால் பழுதுபார்ப்பது கடினம். பல செல்கள் அதிலேயே மடிகின்றன. நலமான திசுவும் அடிபடத்தான் செய்யும். ஆனால் ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் இடையே சில மணி நேரம் கிடைத்தால் அடியின் பெரும்பகுதியை அது சரிசெய்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் முறை இதிலிருந்து வந்ததுதான். ஒரு வேளையின் அளவு கூடினால், நாள்பட்டு வரும் பாதிப்புகள் அந்த விகிதத்தைத் தாண்டி வேகமாகக் கூடும். பல புற்றுகளில் அழிவு அந்த அளவுக்கு வேகமாகக் கூடுவதில்லை. அதனால் சிறு அளவுகள் நலமான திசுவை ஓரளவு காத்து, புற்றை அழிக்கும்.

மார்பகப் புற்று இந்த விதிக்குள் அடங்கவில்லை. ஒரு வேளையின் அளவு மாறுவதற்கான இந்த உணர்திறனை ஆல்ஃபா-பீட்டா விகிதம் என்ற எண்ணால் அளக்கிறார்கள்; எண் சிறிதானால் உணர்திறன் அதிகம். பல புற்றுகளுக்கு அது சுமார் 10. நாள்பட்ட பாதிப்புக்கு உள்ளாகும் நலமான திசுவுக்குச் சுமார் 3. மார்பகப் புற்றுக்கோ 4-ஐ ஒட்டியே வருகிறது. அதாவது, ஒரு வேளையின் அளவு கூடும்போது இதுவும் நலமான திசுவைப் போலவே கூடுதலாக அடிவாங்குகிறது. சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தால் நலமான திசுவோடு புற்றுசெல்லும் சேர்ந்தே தப்பிக்கும். ஆகவே ஒரு வேளைக்குச் சுமார் 2.7 கிரே என்று ஏற்றி, மொத்தத்தைக் குறைத்தால் பழைய பலன் அப்படியே கிடைக்கும்; திசுவுக்குக் கூடுதல் கேடும் இல்லை.

இது வெறும் கணக்கு அல்ல. கனடாவில் 16 வேளையில் 42.5 கிரே கொடுத்துப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். அதே மார்பகத்தில் புற்று திரும்பியது 6.2 சதவீதம் பேருக்கு; பழைய முறையில் 6.7. பிரிட்டனின் ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன.

என்னை மிகவும் கவர்ந்தது, 2020-இல் ஐந்தாண்டு முடிவுகள் வெளியான பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இதில், சிகிச்சை ஒரே வாரத்தில், ஐந்து வேளையில் முடிந்தது. மொத்தம் 26 கிரே பெற்றவர்களிடம் புற்றுக் கட்டுப்பாடு 15 வேளை முறைக்குச் சளைக்கவில்லை. திசுப் பாதிப்பும் ஏறக்குறைய அதே அளவு. 27 கிரே பெற்றவர்களிடமோ மார்பகத் திசு இறுகுவது போன்ற பாதிப்புகள் கூடின. வேறுபாடு ஒரே ஒரு கிரே! ஒரு வேளையின் அளவு பெரிதாகப் பெரிதாக, பிழைக்கு இடம் எவ்வளவு குறுகிவிடுகிறது பாருங்கள். அதனால்தான் கதிர் துல்லியமாக விழுவது முன்னைவிட முக்கியமாகிறது. இடது மார்பகமானால் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்வதும், இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகியிருக்கத்தான்.

தோல் சிவப்பது, உரிவது போன்ற உடனடித் தொல்லைகள் குறுகிய முறையில் பொதுவாகக் குறைவே. சிலருக்கு, குறிப்பாக இளம் வயதினருக்கு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் "பூஸ்ட்" என்று மேலும் சில வேளை சேர்ப்பதுண்டு. மார்பகத்தில் புற்று திரும்பினால் பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டியே திரும்பும் என்பதால்தான் இந்தக் கூடுதல். நோய் முற்றிவிட்டதோ என்று கலங்க வேண்டாம்.