‘நம்ம ஊருக்குப் பழகிடும்’னு யாரு சொன்னது?

வெயில் அடித்து என்னிடம் வந்ததில், இந்தக் கோடையில் இது மூன்றாவது ஹஸ்கி நாய்.

கத்திரி வெயில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. பாளையங்கோட்டைத் தெருக்களில் அந்த நேரத்துக்கு ஈ காக்கை இருக்காது. ஓர் அண்ணாச்சி காரின் பின்சீட்டில் நாயைக் கிடத்திக் கொண்டுவந்தார். இரண்டு வயது, கறுப்பும் வெள்ளையுமாக, நீலக்கண். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்குகிறது, வாயெல்லாம் நுரை, நிற்க முடியவில்லை. தெர்மாமீட்டர் வைத்தால் 108. நாய்க்குச் சாதாரணமாக 101 முதல் 102.5 வரைதான் இருக்க வேண்டும்.

காலையில் கரண்ட் போயிருக்கிறது. ஏசி நின்றதும் நாய் அறைக்குள் நிலைகொள்ளாமல் குதித்திருக்கிறது. ‘காத்தோட்டமா’ இருக்கட்டும் என்று மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழே கட்டிப்போட்டுவிட்டு எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

“காலையில நல்லா ஓடியாடி வெளாண்டுச்சு டாக்டரம்மா. திடீர்னு விழுந்துட்டு.”

திடீரென்று எந்த நாயும் விழுவதில்லை. சரி, அதை அப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒன்றரை மணி நேரம் போராடினோம். இரத்தமாகக் கழியத் தொடங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. கூட வந்திருந்த மகள், ஏழாவதோ எட்டாவதோ படிப்பாள், ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சிதான் கேட்டார்: “ஈரோட்டுல பொறந்த குட்டிதான டாக்டரம்மா? நம்ம ஊருக்குப் பழகிடும்னுதான சொன்னாவ?”

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாரத்துக்கு நான்கு முறையாவது கேட்கிறேன். பழகிடும், பழகிடும், பழகிடும்.

பழக்கம் வேறு, உடம்பின் அமைப்பு வேறு. வெயிலுக்கு எந்த உடம்பும் சில வாரங்களில் கொஞ்சம் பழகும். ஊட்டியிலிருந்து வரும் உங்கள் மச்சினருக்கும் பழகும், தெருநாய்க்கும் பழகும். ஆனால் அது ஒன்றிரண்டு படி ஏறுவதுதான், மாடிக்குப் போய்ச் சேருவதில்லை. ஹஸ்கி போட்டிருப்பது இரண்டு சட்டை: உள்ளே பஞ்சு போல ஒன்று, மேலே நீள முடியாக ஒன்று. சைபீரியாவின் வடகிழக்கு ஓரத்தில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. 1925இல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, பனியில் மருந்தை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது இந்த மாதிரி நாய்கள்தான். அந்த உடம்பு ஈரோட்டில் பிறந்ததால் மாறிவிடுமா? கம்பளிச் சட்டையைத் திருநெல்வேலி டெய்லர் தைத்தால் அது மல்வேட்டி ஆகிவிடுமா?

உடனே அடுத்த கேள்வி வரும்: “அதோட அம்மா, ஆச்சி எல்லாமே தமிழ்நாட்டுலதான டாக்டரம்மா பொறந்துச்சு?” பிறந்திருக்கட்டும். நாய்க்கு மூன்று தலைமுறை என்பது ஆறேழு வருஷம். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. விற்பவர் எந்தக் குட்டியை அடுத்த ஈட்டுக்கு வைத்துக்கொள்கிறார்? முடி அடர்த்தியாக, கண் நீலமாக இருப்பதை. அதற்குத்தானே நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்! வெயில் தாங்கும் குட்டியை யாரும் தேடுவதில்லை. அப்புறம் எங்கிருந்து பழகும்?

இன்னொரு கூட்டம், முடியை மழித்துவிட்டுக் கூட்டிவரும். “சூடு தெரியாதுல்லா?” நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், சட்டையைக் கழற்றினால் காற்றுப்படும். நாய்க்கு வேர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான். அது சூட்டை வெளியேற்றுவது வாய் வழியாக, இளைத்து இளைத்து. மழித்தால் தோல் நேரடியாக வெயிலில் வேகும். மேல்முடி பல நாய்களுக்கு ஒழுங்காகத் திரும்பி வளர்வதே இல்லை. உள்முடி மட்டும் திட்டுத்திட்டாக வளர்ந்து, நாய் பழைய மெத்தை மாதிரி ஆகிவிடும். தினமும் சீப்பால் வாரி உதிர்ந்த முடியை எடுங்கள். மழிக்காதீர்கள். தயவுசெய்து.

ஏசி? இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு கம்ப்ரஸரை நம்பி ஓர் உயிரை வைத்திருக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

எனக்குப் பிடிக்காதது ஹஸ்கி இல்லை, அது அழகான, குறும்பான நாய். பிடித்திருக்கிறது என்பதே போதும் என்று நினைப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. புடவை எடுக்கும்போது பிடித்திருந்தால் போதும். நாய், பூனை என்றால் வீடும் ஊரும் நேரமும் அதற்குப் பிடித்திருக்க வேண்டும். ‘என்ன நாய் வாங்கலாம்?’ என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்?” பாதிப்பேருக்கு அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதினொரு மணிக்கு இருப்பது பெரும்பாலும் அம்மா. லாப்ரடார் கேட்டது மகன். ப்ளஸ் டூ படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. இப்போது அவன் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறான், தினமும் வீடியோ காலில் “ஏலே டைகர்” என்று கொஞ்சுகிறான். நாய் நாற்பது கிலோ. முழங்கால் வலியோடு அம்மாதான் அதை இழுத்துக்கொண்டு வருகிறார், அல்லது அது அவரை இழுத்துக்கொண்டு வருகிறது. “எனக்கு நாயே பிடிக்காது டாக்டரம்மா” என்று சொல்லிக்கொண்டே அதன் காதைத் துடைத்துவிடும் எத்தனையோ அம்மாக்களைப் பார்த்துவிட்டேன். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், பூனை பதினைந்தும் தாண்டும். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். (அந்த நாற்பது கிலோவில் பத்துக் கிலோ பால்சோறும் பரோட்டாவும். தீபாவளிக்கு அல்வா கொடுத்து, கணையம் வீங்கிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அல்வா நமக்கு.)

பக் நாயைப் பற்றி நீட்டி எழுதவில்லை. செல்போன் விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஊரே வாங்கிய காலத்திலிருந்து சொல்லிவருகிறேன்: அது குறட்டை இல்லை, மூச்சு விட முடியாத சத்தம். இந்த ஊர்க் கோடையில் சப்பை மூக்கு ஒரு நோய்தான்.

“அப்போ நாட்டு நாயே வாங்கிடுதோம்” என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நம் பக்கத்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் 2020இல் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவானவை. பெருமைதான். அந்தப் பெருமையில் வண்ணார்பேட்டையில் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் சிப்பிப்பாறை வளர்க்கிறார் ஒருவர். கரிசல் காட்டில் முயல் விரட்ட உண்டான உடம்பு, பால்கனிக்கும் அடுக்களைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. சோபாவைக் கிழித்துவிட்டது என்று புகார் வேறு. (முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம், அந்த யோசனையும் வேண்டாம்.) ஓட இடமிருந்தால், தினமும் ஓடவிட ஆளிருந்தால், இந்த வெயிலுக்கு அதைப்போல நாய் கிடையாது. இல்லையென்றால் வேண்டாம்.

ராஜபாளையம் வாங்குகிறவர்களுக்குத் தூய வெள்ளைதான் வேண்டும், மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த வெள்ளையோடு ஒட்டியே காது கேளாமையும் பல குட்டிகளுக்கு வருகிறது. வாங்குமுன் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காற்று மேலே படாத தூரத்தில் நின்று தட்டுங்கள். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல், “சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கு” என்று ஆறு மாதம் அடித்து வளர்த்து, பிறகு என்னிடம் கொண்டுவந்தார் ஒருவர். அதற்குக் காதே கேட்கவில்லை.

தெருக்குட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் பிரசங்கம் செய்யப்போவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து மலையடிவாரக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எந்த நாயாக இருந்தாலும் ராத்திரி வெளியே கட்டிப்போடாதீர்கள். முண்டந்துறைக் காடு பக்கத்தில்தான் இருக்கிறது. சிறுத்தைக்குக் கட்டிய நாயைவிட வசதியான சாப்பாடு இல்லை.

பூனை வளர்க்கிறவர்களுக்கு என்னிடம் திட்டு குறைவு. ஒன்றே ஒன்றுதான்: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பில் ‘கொஞ்சூண்டு’ கூட வேண்டாம். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது. ஈறு பழுப்பு நிறமாகி, முகம் வீங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வரும். பாசத்தில் கொடுத்ததுதான், எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அது விஷம். பாரசீகப் பூனை வேண்டுமென்றால் தினமும் முடி வார நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்குப் பிடித்து, அடியில் தோல் புண்ணாகி வரும் பூனைகளுக்கு மயக்க ஊசி போட்டுத்தான் முடியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி பச்சைக்கிளி. “பறவைதான டாக்டரம்மா, எங்க ஆச்சி காலத்துல இருந்து வளக்கோம்.” ஆச்சி காலத்தில் இருந்திருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். ஜெயிலும் அபராதமும் உண்டு. சட்டத்தைவிட எனக்கு உறுத்துவது, இறகு வெட்டிய கிளியைக் கொண்டுவந்து “பேச மாட்டேங்கு, ஏதாவது மருந்து இருக்கா?” என்று கேட்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைக்கூட இலையால்தான் கட்டுகிறார்கள். நமக்கு மட்டும் உயிரோடு வேண்டுமாம். வீட்டில் கிளி இருக்கிறவர்கள் பயந்துபோய் ஜன்னலைத் திறந்து விரட்டிவிடாதீர்கள். பறக்க மறந்த கிளியைக் காக்கையே முடித்துவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கூண்டுப்பறவை இல்லாமல் முடியாது என்றால் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் ஆஸ்திரேலியக் குருவிகளுக்குத் தடையில்லை. ஒற்றையாக வாங்காதீர்கள், ஜோடியாக வாங்குங்கள்.

கடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் விற்கும் சிவப்புக் காது ஆமைக்குட்டி, பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், முப்பது வருஷம் வரை இருக்கும். தொட்டி நாறத் தொடங்கியதும் அதைக் குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் விட்டுவிட்டு, ‘புண்ணியம்’ என்று கையைக் கழுவி வருகிறார்கள். அது அமெரிக்க ஆற்று ஆமை. நம் ஆற்று ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் அந்தக் கறுப்பு முள்மீனும் அப்படித்தான். ஆற்றில் விடாதீர்கள். விட்டால் அது புண்ணியம் இல்லை.

எதை வளர்த்தாலும் சில விஷயங்களில் பேரம் கிடையாது. நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதியில் தவறாமல். பூனைக்கும்தான். ‘வீட்டு நாய்தான, செல்லமாத்தான கடிச்சுட்டு’ என்று மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கொடுத்த தேதிகளில் மீதி ஊசிகளையும் போட்டு முடியுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் டாக்டராலும் முடியாது.

வெயிலில் நாய் விழுந்தால்: நிழலுக்குக் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, உள்ளங்கால் நனையும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள், ஃபேனை முகத்துக்கு நேரே வையுங்கள். ஐஸ் கட்டியை மேலே அடுக்க வேண்டாம். ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு நகராதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். குளிரவைக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். அந்த அண்ணாச்சி முதலில் வண்டியை எடுத்தார். வீட்டிலிருந்து என் கிளினிக் வர இருபது நிமிஷம்.

போன வாரம் அந்த வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. அந்தப் பிள்ளைதான். “ஆன்ட்டி, அப்பா வேற நாய் வாங்கித் தாரேன்னு சொல்லுதாவ. நான் இப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன். நாங்க ரெண்டு பேரும் முதல்ல உங்கள வந்து பாக்கட்டா?”

சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வரலாம். வாங்கிய பிறகு வருகிறவர்களிடம்தான் ஃபீஸ் வாங்குகிறேன், வாங்குமுன் கேட்க வருகிறவர்களிடம் வாங்குவதில்லை.