விருந்தாளியின் விரலில் ஒரு துளி இரத்தம்

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சென்னையிலிருந்து என் மாமா வந்திறங்கினார். ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலை, சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் வாசலில் நின்றார். கையில் ஒரு பெயர்ப்பட்டியல், தோளில் பை. மொரிசியஸில் இறங்கியதும் மாமா பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தில் எங்கள் முகவரி இருந்தது. அந்த ஊழியரின் குடும்பப் பெயர் தமிழ், பேசியது கிரியோல். மாமாவின் விரல்நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்க வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமாவின் முகம் மாறிவிட்டது.

"எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே, எதற்கம்மா இரத்தம்? ஏதோ நோயைக் கொண்டுவந்தவனைப் போல அல்லவா பார்க்கிறார்கள்?"

அவருக்கு வந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. திருமணமாகி இந்தத் தீவுக்கு வந்த புதிதில் என்னிடமும் இதையே கேட்டார்கள். நானும் இதையேதான் நினைத்தேன். பிறகு இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த ஊழியர் மீது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை. காய்ச்சலே இல்லாத மனிதரின் இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதை அன்று மாலை மாமாவுக்கு விளக்கினேன். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மலேரியா பரவ மூன்று பேர் வேண்டும். இரத்தத்தில் ஒட்டுண்ணி உள்ள ஒரு மனிதர், அவரைக் கடிக்கும் பெண் அனோபிலஸ் கொசு, அதே கொசு பிறகு கடிக்கப்போகும் இன்னொரு மனிதர். இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நோய் நகராது. மொரிசியஸின் வரலாறே இதற்குச் சான்று. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கினார்கள். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இன்றும் நிற்கும் ஆப்பிரவாசி காட் படிக்கட்டுகளில் கால் வைத்தவர்களில் பலருடைய இரத்தத்தில் மலேரியா இருந்திருக்கும். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்குத் தீவில் மலேரியா பரவவில்லை. காரணம், இங்கே அனோபிலஸ் கொசு இல்லை.

1860களின் நடுவில் அந்தக் கொசு வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கப் பக்கத்து இனங்கள் அவை. கப்பல்களில் ஒளிந்து வந்து, கரும்புத் தோட்டங்களின் ஓடைகளிலும் சதுப்புகளிலும் குடியேறின. ஒட்டுண்ணி ஏற்கெனவே காத்திருந்தது. 1867ஆம் ஆண்டில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். கடலோரத்துத் தலைநகரான போர்ட் லூயிஸ் தாங்கமுடியாத இழப்பைச் சந்தித்தது. வசதியுள்ளவர்கள், 1864இல் ஓடத் தொடங்கியிருந்த ரயிலில் ஏறி மேட்டு நிலத்துக்குப் போய்விட்டார்கள். குளிர்ந்த கியூர்பிப் நகரம் பெரிதாக வளர்ந்த கதை இதுதான். கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பி, நல்ல காற்றைத் தேடிப் போனார்கள். காரணம் தவறு, போன இடம் சரி. அது ஏன் சரி என்பதில்தான் இந்த நோயின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. அது உறிஞ்சிய ஒட்டுண்ணி, கொசுவின் வயிற்றுச் சுவரில் முடிச்சாக வளர்ந்து, பலநூறாகப் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். எத்தனை நாள் என்பதைச் சுற்றுப்புற வெப்பம்தான் தீர்மானிக்கிறது. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணிக்கு 25 டிகிரி செல்சியஸில் சுமார் 12 நாள் போதும். 20 டிகிரியில் ஏறத்தாழ 28 நாள் ஆகும். 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றேபோகிறது.

இதைக் கொசுவின் ஆயுளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொசு அற்பாயுசு உயிர். நூறு கொசுக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அன்று உயிரோடிருப்பவற்றில் பத்து விழுக்காடு சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 நாள் கழித்து 28 கொசுக்கள் மிஞ்சியிருக்கும். அவற்றின் கடி ஆபத்தானது. குளிர்ந்த மேட்டில் 28 நாள் காத்திருக்க வேண்டுமென்றால் ஐந்துதான் மிஞ்சும். கியூர்பிப்புக்கு ஓடியவர்களைக் காப்பாற்றியது அந்தக் குளிர்தான். அங்கே பெரும்பாலான கொசுக்கள், தங்களுக்குள் ஒட்டுண்ணி முற்றுவதற்கு முன்பே இறந்துபோயின.

சுவரில் பூச்சிமருந்து அடிப்பது ஏன் அவ்வளவு வலிமையான ஆயுதம் என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. கடித்து முடித்த கொசு, வயிற்றுப் பாரத்தோடு பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் ஒவ்வொரு நாளும் சாகும் விகிதம் கூடுகிறது. அது பத்திலிருந்து இருபது விழுக்காடானால், 12 நாள் கழித்து மிஞ்சுவது ஏழு கொசு. முப்பதானால் ஒன்றே ஒன்று. கொசுக்களின் கூட்டத்தை முழுவதும் ஒழிக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு வயதாக விடாமல் செய்தால் போதும்.

இந்தச் சிந்தனைக்கு இந்தத் தீவோடு நெருங்கிய உறவு உண்டு. செகந்திராபாத்தில் 1897இல் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், நோபல் பரிசு பெற்று ஐந்தாண்டுகள் கழிந்த பின், 1907-08இல் மொரிசியஸுக்கு வந்தார். தோட்டங்களிலும் பள்ளிகளிலும் குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணினார்கள். மலேரியா எங்கே வேரூன்றியிருக்கிறது என்பதை அறிய அன்றிருந்த எளிய அளவுகோல் அது. 1908இல் வெளிவந்த அவருடைய மொரிசியஸ் அறிக்கையில் ஒரு கணக்கும் இடம்பெற்றது: ஓர் ஊரில் அனோபிலஸ் கொசுக்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், கொசு மீதமிருந்தாலும் மலேரியா தானாக மங்கி மறைந்துவிடும். கடைசிக் கொசுவரை கொல்லாமல் நோயை நிறுத்த முடியாது என்று பலர் வாதிட்ட காலம் அது. தொற்றுநோய்க் கணிதம் என்று இன்று நாம் அழைக்கும் துறையின் முதல் விதைகளுள் ஒன்று, நம் முன்னோர் கரும்பு வெட்டிய மண்ணில் விழுந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

1948இல் இங்கே வீடு வீடாக டிடிடி என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். தீவில் மலேரியாவைக் கடத்தும் முக்கியமான கொசு இனங்கள் இரண்டு இருந்தன. வீட்டுக்குள் கடித்து வீட்டுச் சுவரிலேயே தங்கும் அனோபிலஸ் ஃபுனெஸ்டஸ் அடியோடு அழிந்தது. மற்றொன்றான அனோபிலஸ் அராபியென்சிஸ் பிழைத்துக்கொண்டது. அது வெளியில் கடிக்கும், வெளியில் தங்கும், மனிதர் கிடைக்காவிட்டால் மாட்டைக் கடிக்கும். மருந்தடித்த சுவர்ப்பக்கம் அது அதிகம் வருவதேயில்லை. ஆனாலும் பரவல் அறுந்தது. 1973இல் உலக சுகாதார நிறுவனம் மொரிசியஸை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

இரண்டே ஆண்டு. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் தீவைப் புரட்டிப்போட்டது. மழைநீர் தேங்காத இடமில்லை. அராபியென்சிஸ் விரும்புவது, வெயில் படும், ஆழமில்லாத, புதிய மழைநீர். புயலுக்குப் பின் அது எங்கும் கிடைத்தது. கூடவே, மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வழியாக ஒட்டுண்ணியும் திரும்பிவந்தது. உள்ளூரிலேயே வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை ஒட்டுண்ணியால் வரும் மலேரியா பரவத் தொடங்கி, 1982இல் 623 பேரைப் பிடித்தது. மறுபடி மருந்தடிப்பு, மறுபடி வீடு வீடாக இரத்தப் பரிசோதனை. பரவலை மீண்டும் அறுக்க 1998 வரை ஆனது. இதே ஏமாற்றம் இலங்கையிலும் நடந்தது. 1963இல் ஆண்டுக்கு 17 நோயாளிகள் என்ற நிலைக்கு இறங்கிய பிறகு, கண்காணிப்பு தளர்ந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்.

இன்று மொரிசியஸின் நிலை என்ன? அராபியென்சிஸ் இன்னும் இங்கே இருக்கிறது. கோடையில், கடலோர வெப்பத்தில், ஒட்டுண்ணி முற்றுவதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் விமானங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாக்கியிருப்பது ஒரே ஒரு கண்ணி: வந்தவரின் இரத்தத்திலிருந்து கொசுவின் வயிற்றுக்கு ஒட்டுண்ணி போகும் அந்த ஒரு கடி. அந்தக் கடிக்கு முன்னால் போய் நிற்பதற்காகத்தான் அந்த ஊழியர் எங்கள் வாசலில் நின்றார்.

"அப்படியென்றால் காய்ச்சல் வந்தபிறகு மருத்துவமனைக்குப் போனால் போதாதா?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. இதற்கான பதில் வைவாக்ஸின் குணத்தில் இருக்கிறது. கொசு செலுத்திய ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குள் போகிறது. அங்கே ஒரு வாரத்துக்கு மேல் சத்தமில்லாமல் பெருகிய பிறகே இரத்தத்துக்குள் வருகிறது. வைவாக்ஸ் இரத்தத்துக்குள் வரும்போதே, கொசுவுக்குத் தொற்றக்கூடிய ஆண், பெண் வடிவங்களும் சீக்கிரமே உருவாகிவிடுகின்றன. பலருக்குக் காய்ச்சல் தொடங்கும் முன்பே. நோயாளி தனக்கு நோய் என்று அறிவதற்குள் கொசு அறிந்துவிடுகிறது. காய்ச்சலுக்காகக் காத்திருந்தால் ஒரு படி பிந்திவிடுவோம். ஃபால்சிபாரத்தில் இந்த வடிவங்கள் முதிர மேலும் பத்து நாளாவது ஆகும் என்பதால் அங்கே கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால் அது ஆளையே கொல்லக்கூடியது என்பதால், அந்த அவகாசத்தை நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

வைவாக்ஸுக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. கல்லீரலுக்குள் போனவற்றில் சில அப்படியே உறங்கிவிடும். வாரங்கள் கழித்தோ, பல மாதங்கள் கழித்தோ விழித்துக்கொண்டு மறுபடி இரத்தத்துக்குள் இறங்கும். இரத்தத்தில் உள்ளவற்றைக் குளோரோகுயின் கொல்லும். உறங்குபவற்றை அது தொடாது. அவற்றுக்கு பிரிமாகுயின் என்ற வேறு மாத்திரை வேண்டும்; வழக்கமாகப் பதினான்கு நாள். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், முன்கூட்டியே அதையும் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல் நின்றுவிட்டதே என்று ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்குள் உறங்கும் ஒட்டுண்ணி அடுத்த மழைக்காலத்தில் உங்கள் குழந்தையின் அறையில் சுற்றும் கொசுவுக்கு உணவாகலாம்.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி அன்று. நகரத்து மொட்டைமாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் அனோபிலஸ் ஸ்டெஃபென்சி, வைவாக்ஸ் மலேரியாவைப் பல்லாண்டுகளாகச் சென்னையில் பரப்பிவந்திருக்கிறது. மாமாவின் வீட்டுத் தொட்டி மூடி உடைந்து இரண்டு வருடமாகிறது என்பதை அவரே அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

எடுத்த இரத்தத்தை என்ன செய்கிறார்கள்? கண்ணாடித் தகட்டில் இரண்டு விதமாகத் தடவுகிறார்கள். ஒன்று கெட்டியான தடவல். அதிக இரத்தம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தாலும் கண்ணில் படும். மற்றது மெல்லிய தடவல். சிவப்பணுக்கள் தனித்தனியாகப் பரவியிருப்பதால் எந்த வகை ஒட்டுண்ணி என்று இனங்காணலாம். ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஒருவர் பொறுமையாகப் பார்க்கிறார். 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் நூறு பார்வைக்களமாவது பார்க்கவேண்டும். நாள் முழுவதும் 'இல்லை' என்றே எழுத நேர்ந்தாலும், கண் சோராமல் அடுத்த தகட்டையும் அதே கவனத்தோடு பார்ப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டுண்ணி கல்லீரலில் இருக்கும் நாட்களில் எடுத்த இரத்தத்தில் எதுவும் தெரியாது என்பதால், முதல் முடிவை மட்டும் வைத்துக் கோப்பை மூடிவிட முடியாது. காய்ச்சல் வந்தால் உடனே தெரிவிக்கும்படி சொல்லிவிட்டுப் போவதும், மறுபடி வருவதும் அதற்காகத்தான்.

தைப்பூசம் முடிந்து ஒரு வாரத்தில் அந்த ஊழியர் மறுபடி வந்தார். காவடி எடுத்த களைப்பில் இருந்த மாமா, இம்முறை கேட்பதற்கு முன்பே விரலை நீட்டினார். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. தகட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, மொட்டைமாடியைப் பார்க்கலாமா என்று ஊழியர் கேட்டார். மூவரும் ஏறினோம். மூலையில் அடைபட்ட வடிகாலருகே ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. வெள்ளைக் கரண்டியால் அள்ளிக் காட்டினார். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. அனோபிலஸ் புழு நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல் மிதக்கும். மற்றவை வாலில் உள்ள மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"தலைகீழாகத்தானே தொங்குகிறது?"

ஊழியருக்கு அந்தக் கேள்வி மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்தது. தலையசைத்தார். ஏடிஸ் வகைக் கொசுவாக இருக்கலாம் என்றார். அப்படியானால் அது டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் வழி. மாமா கீழே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தார். வடிகாலில் அடைத்திருந்த மாவிலைகளை ஊழியர் கையாலேயே அள்ளிப் போட, மாமா தண்ணீரைத் தள்ளிவிட்டார்.