பட்டாசைப் பற்றவைக்கும் இக்னைட்டருக்கு ஐரோப்பியச் சட்டம் போடும் ஏழு நிபந்தனைகள்

வாணவேடிக்கைப் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் வெடிமருந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு மருந்து, எவ்வளவு சத்தம், எவ்வளவு உயரம் என்றுதான் கேள்வி வரும். அந்த மருந்துக்குத் தீ வைக்கும் திரியும் மின் இக்னைட்டரும் பேச்சில் வருவதே அபூர்வம். இத்தனைக்கும், கிளம்பக் கூடாத நேரத்தில் ஒரு ஷெல் (வானத்தில் போய் வெடிக்கும் வாணவெடி) தன் ஏவுகுழாயை விட்டுக் கிளம்பிவிட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றைத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. திரி, இக்னைட்டர் போன்றவற்றைப் பட்டாசின் ஒரு பாகம் என்று மட்டும் பார்க்காமல் தனிப் பொருளாகவே எடுத்துக்கொண்டு நிபந்தனை போட்டிருக்கிறது. 2013/29/இயூ என்ற எண்ணுள்ள ஆணை அது. 2007-இல் வந்த 2007/23/இசி என்ற ஆணைக்குப் பதிலாக வந்தது. அதன் பெரும்பகுதி 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தின் ஆணை என்பதால் நேரடியாக யார்மீதும் பாயாது. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சொந்தச் சட்டமாக அதை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அபராதமும் தண்டனையும் நாட்டுக்கு நாடு மாறுவது அதனால்தான். பாதுகாப்பு நிபந்தனைகள் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இக்னைட்டர் எந்த வகையில் வரும்?

பட்டாசுகளை இந்தச் சட்டம் எஃப்1 முதல் எஃப்4 வரை நான்காகப் பிரிக்கிறது. எஃப்1 வீட்டுக்குள்கூடப் பயன்படுத்தக்கூடிய சின்ன வகைகள், குறைந்தபட்ச வயது 12. எஃப்2-க்கு 16, எஃப்3-க்கு 18. எஃப்4 முழுக்க முழுக்கப் பயிற்சி பெற்ற தொழில்காரர்களுக்கு மட்டும். மேடை நிகழ்ச்சிக்கான வகைகள் டி1, டி2. இவை எதிலும் சேராத மற்ற பொருள்கள் பி1, பி2. தனியாக விற்கப்படும் இக்னைட்டர்களும் திரிகளும் இந்தக் கடைசிப் பிரிவில்தான் வருகின்றன. ஆபத்து குறைவு என்றால் பி1, அதை 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. தனித்தேர்ச்சி உள்ளவர் மட்டுமே கையாள வேண்டியது என்றால் பி2. காரின் ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்பும்கூட இதே சட்டத்துக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்குள்ளும் மின்சாரத்தால் பற்றும் ஒரு சின்ன இக்னைட்டர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

தனிப் பொருளாக ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பெரிய வாணவேடிக்கைகளில் ஷெல் ஓரிடத்தில் தயாராகும், இக்னைட்டர் வேறொரு நிறுவனத்திலிருந்து வரும். இரண்டும் ஒன்று சேருவது பெரும்பாலும் வேடிக்கை நடக்கும் மைதானத்தில், தொழிலாளியின் கையில். இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாகச் சோதிக்க வழியில்லை. அதனால் இக்னைட்டர் தன்னளவிலேயே தேற வேண்டும்.

ஏழு நிபந்தனைகள்

ஆணையின் முதல் இணைப்பில் இவை இருக்கின்றன. முதலாவது எளிமையானது: பற்றவைக்கச் சொன்னால் பற்ற வேண்டும், எதிரில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடும் வேகமும் இருக்க வேண்டும். இது பாதுகாப்பு நிபந்தனையா, தரக் கட்டுப்பாடா என்று தோன்றும். பாதுகாப்புதான். வெடிக்காமல் நின்றுபோன ஷெல்லை அப்புறம் யாரோ ஒருவர் போய் எடுக்க வேண்டியிருக்கிறதே.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் இந்தப் பட்டியலின் உயிர். சேமித்து வைக்கும்போதும் பயன்படுத்தும்போதும் நிலை மின்சாரத்தால் இக்னைட்டர் பற்றிவிடக் கூடாது. மின் இக்னைட்டர் என்றால் மின்காந்தப் புலத்தாலும் பற்றக் கூடாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மின் இக்னைட்டரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இரண்டு காப்பிட்ட கம்பிகள். அவற்றின் நுனிகளை இணைக்கும் மிக மெல்லிய மின்தடைக் கம்பி. அதன்மேல் தீக்குச்சித் தலை அளவுக்கு மருந்துப் பூச்சு. மின்சாரம் பாய்ந்தால் மெல்லிய கம்பி சூடாகும், மருந்து பற்றும், அவ்வளவுதான். ஆனால் பற்றுவதற்குக் காரணம் பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உலர்ந்த நாளில் செயற்கை இழைத் துணி உடுத்திய ஒருவர் நடந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலை மின்சாரம் ஏறும். அந்தக் கையால் கம்பியைத் தொட்டால், கம்பியிலிருந்து மருந்தைத் துளைத்துக்கொண்டு வெளியே பொறி பாய வாய்ப்பு இருக்கிறது. மின்தடைக் கம்பி சூடாகவே வேண்டாம், பொறியே போதும். இன்னொரு பக்கம், நீளமாக விரித்துக் கிடக்கும் இரண்டு கம்பிகளும் ஒரு ஆன்டெனாதான். பக்கத்தில் சக்திவாய்ந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இயங்கினால் அந்தக் கம்பிகளில் மின்சாரம் தூண்டப்படும். இடி மின்னல் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போவதும், இணைக்கும் வரை இரு கம்பி முனைகளையும் ஒன்றாக முறுக்கி வைப்பதும் இந்த இரண்டு ஆபத்துகளையும் மனத்தில் வைத்துத்தான்.

நான்காவது நிபந்தனை திரிகளுக்கு: மேலுறை உறுதியாக இருக்க வேண்டும், இழுத்தாலும் உரசினாலும் உள்ளே இருக்கும் மருந்தைக் காக்க வேண்டும். ஐந்தாவது: திரி எவ்வளவு நேரம் எரியும் என்ற விவரம் பொருளோடு வர வேண்டும். இந்த இரண்டும் பழைய கவலைகள். 1831-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்ட் பாதுகாப்புத் திரிக்குக் காப்புரிமை வாங்கியது இதே பிரச்சினைக்குத்தான். அதுவரை சுரங்கத்தில் வெடி வைப்பவர்கள் வைக்கோல் தண்டிலும் இறகுத் தண்டிலும் மருந்தை அடைத்துத் திரியாக வைத்தார்கள். எப்போது வேகமாக ஓடும், எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. பிக்ஃபோர்ட் மருந்தை நடுவில் வைத்துச் சணல் நூலை இறுக்கமாகச் சுற்றினார். எரியும் வேகம் ஒரு சீராக வந்தது. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் கழித்தும் சட்டம் கேட்பது அதே இரண்டைத்தான்: உறை பலமாக இருக்கட்டும், நேரம் முன்கூட்டியே தெரியட்டும்.

ஆறாவது: மின் இக்னைட்டரின் மின் விவரங்களைக் கொடுக்க வேண்டும். மின்தடை எவ்வளவு, எந்த அளவு மின்சாரம் வரை பற்றாமல் இருக்கும் என்பவற்றைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. இரண்டாவது எண்ணைத் தொழிலில் நோ-ஃபயர் கரண்ட் என்பார்கள். என் பார்வையில் பயன்படுத்துபவருக்கு மிகவும் உபயோகமான எண் இதுதான். வேடிக்கைக்கு முன் எல்லா இணைப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சிறு மின்சாரத்தை ஓட்டிச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை மின்சாரம் நோ-ஃபயர் அளவுக்கு வெகு கீழே இருக்க வேண்டும். எண் தெரியாமல் கையில் கிடைத்த மல்டிமீட்டரை வைத்துச் சோதிப்பது விபரீதம். மின்தடை எண்ணும் இதே போலத் தேவைப்படும். ஒன்று 2 ஓம் என்றால், வரிசையாக இணைத்த பத்து இக்னைட்டர்களுக்கு 20 ஓம், நீளக் கேபிளின் தடை தனி. இதைக் கணக்குப் போடாமல் விட்டால் பாதி பற்றி மீதி நிற்கும். நின்றது ஏன் ஆபத்து என்று முதல் நிபந்தனையிலேயே பார்த்தோம்.

ஏழாவது: கம்பியின் காப்பும் பலமும், கம்பி தலையோடு சேரும் இடத்தின் உறுதியும் போதுமானதாக இருக்க வேண்டும். மைதானத்தில் கம்பி இழுபடும், மிதிபடும். அதை எதிர்பார்த்தே செய்யச் சொல்கிறது.

ஏழிலும் எந்த மருந்தைப் பூச வேண்டும், உறையை எதனால் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. எதைத் தாங்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது, எப்படி என்பதைத் தயாரிப்பாளரிடம் விட்டுவிடுகிறது. புதிய வடிவமைப்புகளுக்கு இடம் கிடைப்பது இதனால்தான். மருந்துத் தலையின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டினாலே உரசலாலும் அடியாலும் பற்றும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. சிலர் இடம் போதவில்லை என்று அந்த உறையைக் கழற்றிவிட்டு இக்னைட்டரைச் சொருகுவார்கள். நிபந்தனைகளில் பல "வழக்கமான, எதிர்பார்க்கக்கூடிய நிலைமைகளில்" என்ற வரம்போடுதான் வருகின்றன. உறையைக் கழற்றிய பிறகு தயாரிப்பாளரைக் கேட்பது கஷ்டம்.

எண்கள் சட்டத்தில் இல்லையா?

நேரடி எண்கள் குறைவு. சோதனை முறைகளும் அளவுகளும் தனித் தர ஆவணங்களில் இருக்கின்றன. பற்றவைக்கும் கருவிகளுக்கு ஈஎன் 16265, எஃப்1 முதல் எஃப்3 வரையிலான பட்டாசுகளுக்கு ஈஎன் 15947. இவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்பற்றினால் சட்டத்தை நிறைவேற்றியதாக எடுத்துக்கொள்வார்கள். வேறு வழியில் நிரூபிக்கவும் உரிமை உண்டு, ஆனால் நிரூபிக்கும் சுமை தயாரிப்பாளருடையது.

அமெரிக்கா இதற்கு நேர்மாறு. அங்கே நுகர்வோர் பட்டாசின் திரிக்கான எண்ணைச் சட்ட விதியிலேயே எழுதிவிட்டார்கள்: குறைந்தது 3 வினாடி, அதிகபட்சம் 9 வினாடி எரிய வேண்டும். பக்கவாட்டில் பொறி பட்டுப் பற்றாதபடி திரிக்குப் பூச்சு இருக்க வேண்டும். திரியைப் பிடித்துத் தூக்கினால் பட்டாசின் எடையோடு கூடுதலாக 8 அவுன்ஸ், அதாவது சுமார் 227 கிராம், அல்லது பட்டாசின் இரண்டு மடங்கு எடை, இவற்றில் எது குறைவோ அதைத் தாங்க வேண்டும். படிக்கிறவருக்கு அமெரிக்க முறை சுலபம். புதிதாக ஒன்றைச் செய்கிறவருக்கு ஐரோப்பிய முறை வசதி.

ஐரோப்பாவில் தூரத்துக்கு எண் உண்டு: எஃப்1-க்கு 1 மீட்டர், எஃப்2-க்கு 8 மீட்டர், எஃப்3-க்கு 15 மீட்டர் குறைந்தபட்சம் விலகி நிற்க வேண்டும். பற்றவைத்தவர் அந்த தூரத்தைக் கடக்கத் திரி நேரம் தர வேண்டும். எஃப்1 முதல் எஃப்3 வரை, தற்செயலாகப் பற்றாதபடி உறையாலோ பொதியாலோ வடிவமைப்பாலோ பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திரியின்மேல் காணும் வண்ணக் காகிதமோ பிளாஸ்டிக் மூடியோ அழகுக்காக வைத்தது இல்லை.

சந்தைக்கு வரும் வழி

தயாரிப்பாளர் தானே சோதித்து தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பு ஒன்றிடம் போக வேண்டும். ஜெர்மனியின் பாம் (BAM) என்ற சோதனை நிறுவனம் அப்படி ஒன்று, அதன் எண் 0589. வழக்கமான பாதையில் முதலில் மாதிரியைச் சோதிப்பார்கள், பிறகு உற்பத்தியைக் கண்காணிப்பார்கள். இரண்டும் தேறினால்தான், ஐரோப்பியச் சட்டத்துக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) முத்திரை. கூடவே ஒரு பதிவெண் வரும். முதல் நான்கு இலக்கம் சோதனை அமைப்பின் எண், அடுத்து பி1, எஃப்2 போன்ற வகை, கடைசியில் வரிசை எண். 2014/58/இயூ என்ற ஆணைப்படி இந்தப் பதிவெண் முறை 2016 அக்டோபர் 17 முதல் அமலில் இருக்கிறது. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் இந்தப் பதிவுகளைப் பொருள் சந்தைக்கு வந்த பின் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

வாங்குகிறவர் இந்த எண்ணை ஒரு பார்வை பார்க்கலாம். பொதியில் பி2 என்று இருப்பதைக் கடைக்காரர் சாதாரண ஆளுக்கு நீட்டினால் எங்கேயோ தப்பு நடக்கிறது. இக்னைட்டர் மிகச் சின்னது, அதன்மேல் எல்லாவற்றையும் அச்சடிக்க முடியாது. அதனால் பொதிகளில் மிகச் சிறியதன்மேல் விவரம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். விற்கும் நாட்டின் மொழியில் அது இருக்க வேண்டும். பொதியைப் பிரித்துச் சில்லறையாகக் கவரில் போட்டுக் கொடுத்தால் நோ-ஃபயர் எண்ணும் போய்விடும், பதிவெண்ணும் போய்விடும்.

இதற்குள் வராதவை

சட்டம் பொருந்த வேண்டுமானால் பொருளுக்குள் வெடிக்கும் கலவை இருக்க வேண்டும். மருந்தே இல்லாமல், திரியின்மேல் கவ்விக்கொண்டு சூடான கம்பியால் மட்டும் பற்றவைக்கும் கிளிப்புகள் இருக்கின்றன. அவற்றில் கலவை இல்லாததால் இந்த வரையறைக்குள் வர மாட்டா. உரசலுக்கோ அடிக்கோ பற்ற அவற்றில் எதுவும் இல்லை என்பது நல்லதுதான். பட்டனை அழுத்தும் கன்ட்ரோல் பெட்டியும் அப்படியே. அது மின்னணுப் பொருள். வயர்லெஸ் என்றால் 2014/53/இயூ என்ற ரேடியோ கருவிகள் ஆணை பொருந்தும். ஆகவே இக்னைட்டர் சான்று பெற்றது என்பதால் அதை இயக்கும் பெட்டியும் சான்று பெற்றது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியவை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துபவையும், துப்பாக்கித் தோட்டாக்களும், விண்வெளித் துறைப் பொருள்களும் இதில் சேரா.

புதிதாக இக்னைட்டர் வடிவமைக்கிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆராய்ச்சி, மேம்பாடு, சோதனை ஆகியவற்றுக்காக மட்டும் செய்த பொருள் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றாவிட்டாலும், அதன் போக்குவரத்தையும் பயன்பாட்டையும் உறுப்பு நாடுகள் இந்தக் காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது. ஆனால் அது விதிகளுக்கு உட்பட்டதல்ல என்றும், சோதனை தவிர வேறெதற்கும் கிடைக்காது என்றும் கண்ணில் படும்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும். வணிகக் கண்காட்சியில் காட்டுவதற்கும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே கண்காட்சியின் பெயரும் தேதியும் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும், சான்று கிடைக்கும் வரை ஒன்றைக்கூட விற்கக் கூடாது.