ஹேங்கரைச் சுத்தம் செய்வதற்கு முன்

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பழைய ஹேங்கர் ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றலாம் என்று முடிவானதும், பெரும்பாலும் அங்கே முதலில் வந்து நிற்பவர் பெயிண்ட் ஒப்பந்ததாரர்தான். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கூரைத் தகடுகளைக் கழற்றி, எஃகுச் சட்டங்களை மணல் வீச்சால் (அழுத்தக் காற்றோடு மணலைப் பீச்சித் தேய்ப்பது) பளிச்சென்று ஆக்கி, எண்ணெய்க் கறை படிந்த தரையைச் சுரண்டி டைல்ஸ் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பெங்களூருவில் பழைய எஃகுக் கட்டடங்களின் உறுதியை ஆய்வு செய்துவரும் கட்டமைப்புப் பொறியாளனாக நான் கண்டவரையில், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் சரிசெய்ய முடியாத சேதங்களில் பெரும்பகுதி இந்த முதல் சுத்தப்படுத்தலில்தான் நேர்கிறது.

பெங்களூருக்கு இது தொலைவான விஷயமல்ல. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இங்கே விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1942-ல் இந்திய அரசு அதன் பொறுப்பை ஏற்றது. 1943 முதல் போர் முடியும்வரை அமெரிக்க ராணுவ விமானப்படை அதைப் பழுதுபார்க்கும் தளமாக நடத்தியது. போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சீரமைத்து இந்திய விமானப்படைக்குக் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். இந்தக் கூரைகளின் கீழே ஃபிட்டர்களாகவும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பவர்களாகவும் வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இதைப் படிப்பவர்கள் சிலரின் வீட்டிலேயே அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்திருக்கலாம். ஆனால் 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 100 ஆண்டுப் பழமையைக் கேட்கிறது. 1940-களில் எழுந்த ஹேங்கருக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை என்பதால், உடைமையாளரின் அக்கறையைத் தவிர அதற்குப் பெரும்பாலும் வேறு காவல் கிடையாது.

நான் முதலில் பார்ப்பது தூண்களின் அடிப்பகுதியை. ஆண்டாண்டாகத் தரைமீது புதிய கான்கிரீட் போட்டுப்போட்டு உயர்த்தியதால், தூணின் அடித்தகடும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் பல ஹேங்கர்களில் தரைக்குள் புதைந்துவிட்டன. மேலே தூண் புதிதுபோல் இருக்கும். தரையோடு சேரும் இடத்தில் ஓர் அங்குலம் தோண்டி ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால், துரு ஏடு ஏடாக உரிந்து வரும். ரிவெட் அடித்து இணைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்துவிட்டால், துரு எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், தகடுகளை வளைத்துப் பிரித்து ரிவெட்டின் தலையையே தெறிக்க வைத்துவிடும். இந்த இடைவெளிகளை அப்படியே விட்டுவிட்டு மேலே தடித்த பெயிண்ட் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும் வேலை. பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், சிறு துண்டை வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் எந்த இடத்திலும் வெல்டிங் வைக்கக் கூடாது.

மணல் வீச்சைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: கட்டடத்தில் உள்ள பழைய தடயங்களைப் பதிவு செய்து முடிக்கும்வரை அது ஹேங்கருக்குள் நுழையவே கூடாது. சுவரில் மங்கிக் கிடக்கும் பகுதி எண், புகைபிடிக்கத் தடை என்ற அறிவிப்பு, கூரையைத் தாங்கும் எஃகுப் பின்னல் சட்டமான டிரஸ்மீது எழுதிய தூக்கு எடை வரம்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் அந்தக் கட்டடம் எப்போது யாரிடம் எதற்காக இருந்தது என்பதற்கான சான்றுகள். ஹவாய்த் தீவில் உள்ள பேர்ல் ஹார்பரில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் 79-ஆம் ஹேங்கரின் ஜன்னல் கண்ணாடிகளில், 1941 டிசம்பர் 7 ஜப்பானியத் தாக்குதலின் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்றும் காணலாம். அந்தக் கண்ணாடிகளைப் புதுப்பித்திருந்தால் அங்கே பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

மணல் வீச்சு உடல்நலத்துக்கும் கேடு. பழைய எஃகின்மேல் ஆரஞ்சு சாயலில் ஓர் அடிப்பூச்சு தெரிந்தால், அது இன்று கடையில் கிடைக்கும் செங்கல் நிற ரெட் ஆக்சைடு அல்ல, ஈயம் கலந்த ரெட் லெட் என்றே முதலில் கருத வேண்டும். அதைத் தூளாக்கிக் காற்றில் பறக்கவிட்டால் முதலில் சுவாசிப்பவர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கும் தினக்கூலித் தொழிலாளி. கூரையில் அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு இருந்தால் அதை உடைக்காமல், துளையிடாமல், உயரழுத்தத் தண்ணீரால் கழுவாமல், நனைத்து முழுத் தகடாக இறக்கிப் பொதிய வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்குத் தனித் தொகை இல்லையென்றால் வேலை சரியாக நடக்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, விமானத்தைக் கூரையில் தொங்கவிடும் ஆசை. டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் வெற்று எடையே சுமார் 500 கிலோ. கூரைத் தகட்டையும் காற்றையும் தாங்குவதற்காக மட்டுமே கணக்கிட்ட டிரஸ்ஸின் கீழ்க்கம்பியில், உறுப்புகள் சேரும் இரண்டு கணுக்களுக்கு நடுவே அந்த எடையைக் கட்டினால், இழுவிசைக்கென்று வைத்த உறுப்பு வளைய ஆரம்பிக்கும். முன்வாசலை முழுக்கக் கண்ணாடியால் அடைப்பதும் இப்போது வழக்கமாகிவருகிறது. அகன்ற வாசலுக்கு மேலே நிற்கும் டிரஸ் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கும். கண்ணாடி அப்படி வளைந்து கொடுக்காது. மேல் விளிம்பில் நகரும் இணைப்பு இல்லாவிட்டால் விரிசல் உறுதி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி பெங்களூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், மும்பைக்கு 44. நம்முடையது குறைவுதானே என்று இருந்துவிட முடியாது. ஒரு பக்கக் கதவு திறந்திருக்கும்போது கோடை மழைக்கு முன் வீசும் சுழற்காற்று உள்ளே புகுந்தால், கூரையை அது கீழிருந்து மேலே தள்ளும். கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுவதும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஈரம் இன்னும் பொல்லாதது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் உலோகக் கூரை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. விடியற்காலையில் தகட்டின் அடிப்புறம் வியர்த்து, துணி போர்த்திய இறக்கைமீது சொட்டுகிறது. இதற்குப் பொய்க்கூரை போட்டு ஹேங்கர் முழுவதையும் குளிரூட்டலாம் என்று சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் டிரஸ்கள் கண்ணில் படாமல் மறைந்துவிடும். பொய்க்கூரைக்கு மேலே ஈரம் தங்கி அவற்றை அரிக்கும். மின்கட்டணத்தைச் சமாளிக்க முடியாத ஆண்டில் எல்லாமே கைவிடப்படும். கூரை முகட்டின் காற்றுவழிகளை மூடாமல், தகட்டுக்கு அடியில் காற்று ஓட இடம்விட்டு வெப்பத்தடுப்பு கொடுத்து, பறப்புப் பதிவேடுகள், மர உந்துவிசிறி, துணிப்பாகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் உள்ளே சிறு கண்ணாடி அறைகள் அமைப்பது போதும். எஸ்தோனியாவின் தாலின் நகரில் 1916, 17-ல் கட்டிய கடல்விமான ஹேங்கர் 2012-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, அதன் மெல்லிய கான்கிரீட் கவிமாடங்களை மறைக்காமல் பார்வையாளர் அண்ணாந்து பார்க்கும்படி விட்டார்கள். அதைத்தான் நான் முன்மாதிரியாகக் காட்டுவேன்.

வரைபடத்தில் இல்லாத தகவல் பல நேரம் ஆட்களிடம் இருக்கிறது. ஒரு ஹேங்கரின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் தேங்குவதற்கு நாங்கள் கூரையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருப்பத்தூர்க்காரர் ஒருவர், "தம்பி, இந்த மூலைக்குக் கீழ எண்ணெய்த் தொட்டிக்குப் போற குழாய் ஒண்ணு இருக்கு. அது அடைச்சா இங்கதான் தண்ணி நிக்கும்" என்றார். தோண்டிப் பார்த்தபோது குழாய் இருந்தது, அடைத்தும் இருந்தது. தரையைச் சுரண்டி டைல்ஸ் போட்டிருந்தால் அந்த ஈரம் அப்படியே தூணின் அடிக்குப் போயிருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் வீட்டில் பழைய குழுப் புகைப்படங்கள் இருந்தால் அவற்றின் பின்னணியை உற்றுப் பாருங்கள். நெளித்தகடு எந்த வகை, கதவு எத்தனை மடிப்பு, உருளை ஓடும் தண்டவாளம் தரைக்கு மேலேயா உள்ளேயா, விமானத்தைக் கட்டிவைக்கும் இரும்பு வளையங்கள் தரையில் எங்கெங்கே என்பதெல்லாம் அதில் தெரியும். படத்தின் பின்பக்கம் ஆண்டு எழுதியிருந்தால் அதையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்து, வேலை தொடங்கும் முன்பே சீரமைப்புக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.