சினிமாவில் வரும் ஷாக் வேறு, ஆஸ்பத்திரியில் கொடுப்பது வேறு

சமீபத்தில் இன்னொரு குடும்பம் ஈ.சி.டி. என்கிற ஷாக் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது. காரணம் கேட்டேன். எப்போதோ பார்த்த ஒரு படத்தின் காட்சியைச் சொன்னார்கள். கட்டிலில் கைகால்களைக் கட்டிப்போட்டு, நெற்றியின் இரண்டு பக்கமும் எதையோ வைத்து அழுத்தி, வில்லனின் ஆள் சுவிட்சைத் தட்டுகிறான். கட்டிலில் கிடப்பவர் துடிதுடித்து அலறுகிறார். படத்தின் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இல்லை. அந்த அலறல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. “அந்த மாதிரி எங்க பொண்ணுக்குப் பண்ண விடமாட்டோம் சார்” என்றார் பெண்ணின் தாய்மாமன்.

நான் சினிமா விரும்பிப் பார்க்கிற ஆள். இரவு வீட்டில் எல்லாரும் சீரியல் பார்த்தால் நானும் உட்கார்ந்து பார்ப்பேன். படம் எடுப்பவர்கள் பாடம் நடத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மனநல மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு ஒன்று தெரியும்: இதயநோய்க்கு வருகிறவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள், என்னிடம் வருகிறவர்கள் சினிமாவில் பார்த்ததோடு வருகிறார்கள். சொல்ல வேறு இடமே இல்லாததால், இந்த நோய்களைப் பற்றி நம் மக்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி திரையிலிருந்து வந்ததுதான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தலையில் அடிபட்டு, தான் யார் என்பதையே மறந்து, மறுபடி அடிபட்டதும் எல்லாம் திரும்பி வருவது சீரியல்களில் மாதம் ஒருமுறை நடக்கிறது. நிஜத்தில் தலைக்காயம் பட்டவர்கள் பெரும்பாலும் மறப்பது விபத்து நேரத்தையும் அதற்குக் கொஞ்சம் முன்பின் நடந்ததையும்தான். அப்புறம் புதிதாக எதையும் மனதில் நிறுத்துவது சிரமமாக இருக்கும். சொந்தப் பெயரையும் பெற்ற தாயையும் அவர்கள் மறப்பதில்லை. இரண்டாவது அடியால் மூளையில் இரத்தக்கசிவு வரலாம், ஞாபகம் வராது. ‘மூன்றாம் பிறை’யை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். ரயில் நிலையக் காட்சியில் இன்றைக்கும் கண் கலங்கும். அதற்காக அது நரம்பியல் ஆகிவிடாது.

2005இல் இரண்டு படங்கள் வந்தன, ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும். இரண்டுமே ஓட்டமான ஓட்டம். ஜோதிகாவின் கண்களும், ஒரே காட்சிக்குள் அம்பியாகவும் அந்நியனாகவும் மாறி மாறிப் பேசிய விக்ரமும் யாருக்கும் மறக்காது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஓ.பி.யில் காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படுகிறார் என்று யாரைக் கூட்டி வந்தாலும் “ஸ்ப்ளிட் பர்சனாலிட்டியா டாக்டர்?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இல்லை. மனச்சிதைவு நோயில் ஒரு உடம்புக்குள் இரண்டு பேர் இருப்பதில்லை. இருப்பது ஒரே ஆள்; அவருக்கு இல்லாத குரல் கேட்கிறது, நடக்காத சதி நடப்பதாகத் தோன்றுகிறது. இன்னொரு தொந்தரவும் உண்டு. வேட்டையனைப் பழிதீர்த்துவிட்டதாக நம்பவைத்ததும் ஒரே இரவில் கங்கா குணமாகிவிடுகிறாள். மாதக்கணக்கில் மாத்திரை போடச் சொல்லும் எங்களைப் பார்த்து, “மனசுல இருக்கறதை ஒரு தடவை வெளிய கொண்டுவந்துட்டா போதாதா?” என்று கேட்கிறார்கள். போதாது.

சரி, ஷாக் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்கிறார்களே, அந்த ஈ.சி.டி. எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை இங்கே அப்படியே எழுதுகிறேன். நோயாளி முந்தின இரவு சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வார். இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் முன்பே எடுத்திருப்போம். காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார். கையில் ஊசி ஏற்ற ஒரு குழாய். மயக்க மருந்து போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் நோயாளி தூங்கிவிடுவார். அதற்குப் பிறகு தசைகளைத் தளர்த்தும் ஊசி. இந்த ஊசிக்கு முன்னால் ஒரு கணுக்காலில் மட்டும் பி.பி. பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்து இறுக்கிவிடுவோம். அதனால் மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. பல்லும் நாக்கும் அடிபடாமல் வாயில் ஒரு ரப்பர் துண்டு. அப்புறம் சில நொடிகளுக்கு மின்சாரம். உடம்பு முழுவதும் தளர்ந்து கிடக்க, பட்டை கட்டிய அந்த ஒரு பாதத்தின் விரல்கள் மட்டும் லேசாக வெட்டி வெட்டி இழுக்கும். மூளைக்குள் வலிப்பு நடக்கிறது என்பதற்கு எங்களுக்கு வெளியே தெரிகிற அடையாளம் அதுதான். பக்கத்தில் பயிற்சி மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். நின்றுவிடும். மயக்க மருந்து டாக்டர் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் நோயாளி கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று குழப்பமாகப் பார்ப்பார். பிறகு இட்லி கேட்பார்.

அலறல் இல்லை. மயக்கத்தில் இருக்கிறவர் அலற முடியாது, வலியும் தெரியாது. கைகால்களைக் கட்டிப்போடுவதும் இல்லை. இது கோபத்தில் கொடுக்கிற தண்டனை இல்லை, சத்தம் போடுகிறவரை அடக்குவதற்கும் இல்லை. குணமாக்குவது மின்சாரம்கூட இல்லை. மருத்துவர்களின் கட்டுப்பாட்டில் மூளையில் வரவழைக்கிற அந்தச் சின்ன வலிப்புதான் வேலை செய்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று பொதுவாக 6 முதல் 12 முறை கொடுப்போம். தலைவலி வரும், உடம்புவலி வரும். சிகிச்சை நடந்த வாரங்களையும் அதற்குச் சற்று முந்தைய நாட்களையும் பற்றிய ஞாபகம் மங்கலாக இருக்கும். சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலேயே போவதும் உண்டு. இதையெல்லாம் மறைக்காமல் சொல்லித்தான் சம்மதம் கேட்கிறோம்.

திரையில் வருவது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதன்முதலாகக் கொடுத்தபோது மயக்க மருந்து கிடையாது. உடம்பு முழுக்க வலிப்பு வந்து எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அடங்காத நோயாளிகளை அடக்க இதைப் பயன்படுத்திய மருத்துவமனைகளும் இருந்தன. அமெரிக்க எழுத்தாளர் கென் கீசி 1962இல் எழுதிய ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ நாவலும், அதை வைத்து 1975இல் வந்த அமெரிக்கப் படமும் அந்தக் கொடுமையைத்தான் காட்டின. அன்றைக்கு அது சொல்லவேண்டிய விஷயம். நம் நாட்டிலும் மயக்க மருந்து இல்லாமல் கொடுத்த காலம் இருந்தது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தடை போட்டது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதத்தோடு, அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்று சொல்லிக்கூட ஈ.சி.டி. கொடுக்க முடியாது. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும், திரையில் மட்டும் மயக்க மருந்து டாக்டர் இன்னும் அந்த அறைக்குள் வரவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி. முதல் பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு நின்றது. எங்களிடம் வந்தபோது கண்ணைச் சிமிட்டுவதே அபூர்வம். கையைத் தூக்கிவிட்டால் தூக்கின இடத்திலேயே நிற்கும். குழந்தை பக்கத்தில் கிடந்து அழுதும் தலை திரும்பவில்லை. இதைக் கேட்டடோனியா என்போம். முதலில் லோராசெபாம் ஊசி போட்டோம். பலருக்கு இதிலேயே நல்ல பலன் கிடைக்கும். அவள் இரண்டு வார்த்தை பேசினாள், திரும்பவும் பழையபடி ஆகிவிட்டாள். ஈ.சி.டி. தேவை என்றோம். அப்போதுதான் தாய்மாமன் அந்தக் காட்சியைச் சொன்னார்.

அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவந்தார்கள். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை. அசையாமலே கிடந்ததால் ஒரு கெண்டைக்கால் வீங்கியிருந்தது, இரத்தக்குழாயில் கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். முன்பே சம்மதித்திருந்தால் மறுநாள் காலையில் ஆரம்பித்திருக்கலாம். இப்போது முதலில் இரத்தக்கட்டியைப் பார்க்கவேண்டி வந்தது. அதற்கு மருந்து கொடுத்து, உடம்பு தாங்கும் என்று மயக்க மருந்து டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஈ.சி.டி. ஆரம்பித்தோம். மூன்றாவது முறை கொடுத்ததற்கு அடுத்த நாள் காலையில் வார்டு சிஸ்டரிடம் தானாகவே தண்ணீர் கேட்டாள். பிறகு குழந்தையைக் கேட்டாள். மடியில் வைத்தார்கள். பால் வற்றிப் போயிருந்தது. “எனக்கு ஏன் பால் வரலை?” என்று அவள் கேட்டபோது மாமன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். கோபமெல்லாம் அந்தக் காட்சியை யோசிக்காமல் திரும்பத் திரும்ப எடுக்கிறவர்கள் மேல்தான்.

சீரியல் எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருமகளைப் பைத்தியமாக்க மாமியார் பாலில் மாத்திரை கலக்கும் காட்சியை விட்டுவிடுங்கள். மனதைக் கெடுக்கும் மாத்திரையைத்தான் டாக்டர் எழுதுகிறார் என்று நம்பி, நன்றாகத் தேறிவந்த பெண்கள் மருந்தை ஜன்னல் வழியாக வீசிவிட்டு மறுபடி படுக்கையில் விழுகிறார்கள். எல்லாம் தூக்க மாத்திரை என்பதும் தவறு. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் கொடுக்கிற முக்கியமான மருந்துகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. அடிமையாக்கக் கூடியது வேறு ஒரு வகை. அதைக் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதுவோம். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

‘3’ படம் வந்த 2012க்குப் பிறகு இருமுனைக் கோளாறு (மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் ‘பைபோலார்’ நோய்) என்ற பெயரைச் சொன்னாலே சில வீடுகளில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள், பையன் உயிரோடு இருக்கமாட்டான் என்று. நோயை மனைவியிடம் மறைப்பதை அந்தப் படம் சரியாகக் காட்டியது. நம் வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் முடிவு எல்லாருக்கும் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1949இல் பலன் தருகிறது என்று எழுதி வெளியிட்ட லித்தியம் இன்றைக்கும் இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்து. தற்கொலை ஆபத்தையும் குறைக்கிறது. அவ்வப்போது இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ரிட்டயர் ஆனவர்களும் என்னிடம் வருகிறார்கள். இவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

‘சேது’வில் சங்கிலியைப் பார்த்து நாம் அழுதோம். அது வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. யாரையும் எங்கேயும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று இப்போது சட்டமே சொல்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள், மனதார வேண்டிக்கொள்ளுங்கள், நாள் தவறாமல் போடுங்கள்.

அப்புறம் காமெடிக்காக இழுக்கப்படும் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே போகச் சீட்டு எழுதினால், சினிமாவில் கேட்ட கிண்டலை நினைத்து நோயாளியின் அப்பா சீட்டை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார். அதற்குப் பிறகு அவர்கள் எங்கும் போவதில்லை.

ஈ.சி.டி. வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் எழுந்து போகாமல் கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர் யார், எத்தனை முறை, என்ன பக்கவிளைவு, வேண்டாம் என்றால் வேறு என்ன வழி? பதில் சொல்லவேண்டியது எங்கள் கடமை. ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 டெலி மானஸ் எண்ணுக்குப் போடுங்கள், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னாலும் அதே எண்தான், அவரைத் தனியாக விடாதீர்கள். பிரசவமான பெண் தூங்காமல், பேசாமல், சாப்பிடாமல், குழந்தையைப் பார்க்காமல் இருந்தால் காத்துப்போயிருக்கும் என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள், பச்சை உடம்பு சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், குழந்தையையும் சேர்த்து.