10 ரூபாய் யூனிட் மலிவா? மியூச்சுவல் ஃபண்டின் 3 மணிக் கணக்கு

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புதிதாக வந்திருக்கும் ஃபண்டில் யூனிட் 10 ரூபாய், பழைய ஃபண்டில் 800 ரூபாய். புதியதுதானே மலிவு?"

இல்லை. ஃபண்டிடம் உள்ள பங்குகள், ரொக்கம் எல்லாவற்றின் அன்றைய மதிப்பைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலை. 8,000 ரூபாய்க்குப் புதியதில் 800 யூனிட், பழையதில் 10 யூனிட். இரண்டும் ஒரே பங்குகளை வைத்திருந்து அவை 10 சதவீதம் ஏறினால், இரண்டு இடத்திலும் உங்கள் பணம் 8,800 ரூபாய்தான். பழைய ஃபண்டில் கடந்த ஆண்டுகளின் நடத்தையையாவது பார்க்கலாம். "வெறும் 10 ரூபாய்" என்று சொல்லியே விற்கும் முகவரிடம் வாங்காதீர்கள் என்பேன்.

என்ஏவியில் என்னை வியக்க வைப்பது வேறொன்று. பங்கு ஃபண்டில் பணம் போடும் நேரத்தில், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று யாருக்கும் தெரியாது. விலை கேட்டு வாங்கியே பழகிய நமக்கு இது குறையாகப் படும். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைக் காப்பது இந்தத் தெரியாமைதான்.

ஒரு ஃபண்டில் 10 லட்சம் யூனிட், நேற்றைய சொத்து 1 கோடி, என்ஏவி 10 ரூபாய். இன்று சந்தை ஏறிச் சொத்து 1.05 கோடி ஆகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் மாலையில் 1 கோடியோடு வந்து, நேற்றைய விலைக்கே வாங்குகிறார் என்று வையுங்கள். அவருக்கும் 10 லட்சம் யூனிட். இப்போது 2.05 கோடியை 20 லட்சத்தால் வகுத்தால் 10.25. பழையவர்களுக்கு வந்திருக்க வேண்டியது 10.50. யூனிட்டுக்கு 25 காசு வீதம் இரண்டரை லட்சம் ரூபாய் ஒரே மாலையில் கைமாறிவிட்டது. அவரே 10.50க்கு வாங்கியிருந்தால் 9,52,381 யூனிட் கிடைத்திருக்கும். 2.05 கோடியை 19,52,381ஆல் வகுத்துப் பாருங்கள், 10.50 அசையாது. எத்தனை கோடி புதிதாக வந்தாலும் அசையாது.

அமெரிக்காவில் சந்தை நேரம் முடிந்தபின் அன்றைய விலைக்கே சிலர் வாங்கிய மோசடியை 2003இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் வெளிக்கொண்டு வந்தார். சுரண்டப்பட்டது இதே இடைவெளிதான்.

இங்கே சந்தை முடிவது 3.30க்கு. மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்திலிருந்து இயங்கும் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, பங்கு ஃபண்டை அன்றைய என்ஏவிக்கு வாங்க வைத்திருக்கும் கெடு 3 மணி. விண்ணப்பம் மட்டும் போதாது, பணமும் அதற்குள் ஃபண்டின் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். 2.50க்கு யுபிஐயில் அனுப்பினால் பெரும்பாலும் தவறிவிடும்; நடுவில் இருக்கும் செயலியும் வங்கியும் நேரம் எடுக்கும். காலையிலேயே அனுப்பிவிடுங்கள். வியாழக்கிழமை ராகுகாலம் 1.30 முதல் 3 வரை. அது கழியட்டும் என்று காத்திருந்தால் அடுத்த வேலை நாளின் விலைதான். ராகுகாலத்துக்கும் என்ஏவிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நேரம் பார்ப்பதாக இருந்தால் செபியின் நேரத்தைப் பாருங்கள்.

5,000 ரூபாய் போட்டால் முத்திரை வரி 0.005 சதவீதம், அதாவது 25 காசு. பல பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் விற்றால் 1 சதவீதம் பிடிப்பார்கள். இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். நிர்வாகச் செலவு அப்படியல்ல. அது தினமும் சொத்திலிருந்து கழிக்கப்பட்டு, மீதிதான் என்ஏவியாக வெளிவருகிறது. முகவர் கமிஷனும் ரெகுலர் திட்டத்தில் அப்படியே போகிறது. 2013 ஜனவரி முதல் அதே ஃபண்டை கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டமாகவும் வாங்கலாம். ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைப்பதாகக் கொண்டால் 1 லட்சம் 20 ஆண்டில் சுமார் 9.65 லட்சம், செலவு 1 சதவீதம் கூடி, கிடைப்பது 11 சதவீதமாகக் குறைந்தால் 8.06 லட்சம். உங்கள் கணக்கு அறிக்கையில் ஃபண்டின் பெயரை அடுத்து ரெகுலர் என்று இருக்கிறதா, டைரக்ட் என்று இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.