என்.எஸ்.எஸ்.ல சேர்ந்தா நாற்காலி தூக்கணுமா? 240 மணி நேரக் கணக்கு இதுதான்

காலேஜ் திறந்த மொத மாசம் ஃபர்ஸ்ட் இயர் பசங்க கைல ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்), ஸ்போர்ட்ஸ், ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுன்னு. என்.சி.சி.ன்னா விடியக்காலைல எந்திரிச்சு ஓடணும், ஸ்போர்ட்ஸ்னா விளையாடத் தெரியணும், அதனால மிச்சம் மீதி இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு என்.எஸ்.எஸ்.ல வந்து விழுவாங்க. நானும் அப்படி விழுந்தவன்தான். மொத ஆறு மாசம் நான் செஞ்ச நாட்டு நலப்பணி என்னன்னா, ஆடிட்டோரியத்துல நாற்காலி போட்டது, சீஃப் கெஸ்ட் கெளம்பினதும் அதே நாற்காலிய எடுத்து அடுக்கினது. இதுதான் என்.எஸ்.எஸ். போலன்னு இருந்துட்டேன். ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது, இதுக்குன்னு ஒரு மேனுவல் இருக்கு, எத்தனை மணி நேரம், எங்க, என்ன மாதிரி வேலைன்னு அதுல கணக்கே போட்டு வெச்சிருக்காங்கன்னு.

நாட்டு நலப்பணித் திட்டம், அதான் என்.எஸ்.எஸ்., மத்திய அரசோட இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழ வருது. ஆரம்பிச்சது 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு நடந்துட்டிருந்த சமயம். அப்போ மத்திய கல்வி அமைச்சரா இருந்த வி.கே.ஆர்.வி. ராவ்தான் தொடங்கி வெச்சாரு. 37 பல்கலைக்கழகம், கிட்டத்தட்ட 40,000 ஸ்டூடண்ட்ஸ், அவ்வளவுதான் அன்னிக்கு. இப்ப செப்டம்பர் 24ந்தேதி ஆனா என்.எஸ்.எஸ். டேன்னு பேனர் கட்டுறது இதனாலதான். பேட்ஜ்ல இருக்கிற சக்கரம் ஒடிசாவுல இருக்கிற கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம், அதுல இருக்கிற எட்டு ஆரமும் ஒரு நாளோட 24 மணி நேரம்னு அர்த்தம். இது குவிஸ்ல கேப்பாங்க, வேற எங்கயும் உதவாது.

ஆனா இந்தத் திட்டத்துக்குப் பின்னாடி ஒரு பழைய வாக்குவாதம் இருக்கு, அது முக்கியம். சுதந்திரம் வந்த கொஞ்ச நாள்லயே ராதாகிருஷ்ணன் தலைமையில இருந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பசங்க தானா முன்வந்து சேவை செய்யுற மாதிரி ஏதாவது கொண்டு வரணும்னு சொல்லுச்சு. அப்புறம் 1959ல சி.டி. தேஷ்முக் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, அவங்க ஒரே போடா போட்டாங்க, ஹைஸ்கூல் முடிச்சு காலேஜ் போறவன் எல்லாரும் ஒம்பது மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் கட்டாயமா சேவை செய்யட்டும்னு. செலவு, ஆளு, ஏற்பாடு எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டு அரசாங்கம் அத அப்படியே விட்டுருச்சு. அடுத்து கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, கட்டாயம் வேணாம், விருப்பப்படி இருக்கட்டும்னு ரிப்போர்ட் குடுத்தாரு. நடுவுல சீன யுத்தத்துக்கு அப்புறம் 1963ல இருந்து என்.சி.சி.ய காலேஜ்ல கட்டாயமாக்கிப் பாத்தாங்க, 1968ல அதையும் விருப்பம்னு மாத்திட்டாங்க. அதுக்கு மறு வருஷம் வந்ததுதான் என்.எஸ்.எஸ். அதாவது இது பொறக்கும்போதே வாலண்டரின்னு முடிவு பண்ணிப் பொறந்தது.

வெளிநாட்டுல வேற மாதிரி. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 40 மணி நேரம் சமூக சேவை செய்யாம ஹைஸ்கூல் டிப்ளமா கிடைக்காது, மெக்சிகோவுல டிகிரி முடிக்கணும்னா குறைஞ்சது 480 மணி நேரம் செஞ்சாகணும். கட்டாயப்படுத்தினா சேவை மனப்பான்மை வருமான்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சு வராது, ஆனா கட்டாயம் இல்லன்னா சில பசங்க ஒரு தடவ கூட அந்தப் பக்கமே போகமாட்டாங்க, அதுவும் உண்மைதான். நம்மூர் காலேஜ்ல நடக்கிறது ரெண்டுங்கெட்டான், பேரு வாலண்டியர், சேருறது கட்டாயம்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு வாலண்டியர் ரெண்டு வருஷம் இருக்கணும், வருஷத்துக்கு 120 மணி நேரம், மொத்தம் 240. இதுக்கு ரெகுலர் ஆக்டிவிட்டின்னு பேரு. வாரத்துக்கு மூணு மணி நேரம் வெச்சா நாப்பது வாரத்துல 120 வந்துரும், பெரிய பாரம் ஒண்ணும் இல்ல. இந்த 120ஐயும் பிரிச்சு வெச்சிருக்காங்க, 20 மணி நேரம் ஓரியண்டேஷன், அதாவது திட்டம் என்ன, ஊருக்குள்ள போனா எப்படிப் பேசணும், சர்வே எப்படி எடுக்கணும், இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறதுக்கு. கேம்பஸ்குள்ள செய்யுற வேலை 30 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. மீதி 70 மணி நேரம் வெளிய, ஜனங்களோட. அந்த 30ங்கிறத நல்லா மனசுல வெச்சுக்கங்க. மரம் நடுறது, கிரவுண்ட் சுத்தம் பண்றது, விழாவுக்கு நாற்காலி போடுறது, எல்லாமே அந்த 30குள்ள அடங்கணும். வருஷம் முழுக்க கேம்பஸ்குள்ளயே சுத்தி வந்து 120 போட்டிருந்தா அந்த அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்கும் திட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல.

அடுத்து ஸ்பெஷல் கேம்ப். ஏழு நாள், யூனிட், அதாவது உங்க என்.எஸ்.எஸ். குழு, தத்தெடுத்திருக்கிற கிராமத்துலயோ குடிசைப் பகுதியிலயோ தங்கி வேலை செய்யணும். இது அந்த 240ல சேராது, தனி. ஒரு யூனிட்டுக்கு வழக்கமா நூறு பேர்னா ஒரு வருஷக் கேம்புக்கு பாதிப் பேரு, அதாவது அம்பது பேர் போவாங்க. ரெண்டு வருஷத்துல எல்லாருக்கும் ஒரு தடவ வாய்ப்பு வரணும், அதான் கணக்கு. நல்லா பேசுற பசங்க, ஸ்டாஃப்க்கு வேண்டிய பசங்க ரெண்டு வருஷமும் போயிட்டு வந்து, மத்தவன் ஒரு தடவ கூட போகாம இருந்தா சர்டிபிகேட் நேரத்துல அவனுக்குத்தான் பிரச்சனை, ஏன்னா 240 மணி நேரமும் ஒரு கேம்பும் ரெண்டும் இருந்தாத்தான் முழுசா முடிச்சதா அர்த்தம். அதனால மொத வருஷமே பேரு குடுத்துருங்க, செகண்ட் இயர்ல பாத்துக்கலாம்னு விட்டா அரியர், இன்டர்ன்ஷிப்னு ஏதாவது ஒண்ணு குறுக்க வந்துரும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ ஸ்கூல்லயும் என்.எஸ்.எஸ். இருக்கு, அங்க யூனிட்டுக்கு அம்பது பேர். பெரும்பாலும் காலாண்டுப் பரீட்சை லீவுல கேம்ப் போடுவாங்க.

யூனிட்ட நடத்துறவர் புரோகிராம் ஆபீசர், சுருக்கமா பி.ஓ., உங்க காலேஜ்லயே பாடம் எடுக்கிற ஒரு சார் இல்ல மேடம்தான். அவங்களுக்கு கிளாஸும் இருக்கும், பேப்பர் திருத்தணும், காலேஜ் தரத்த மதிப்பிடுற நாக் குழுவுக்கான வேலை வேற இருக்கும், இதுக்கு நடுவுல இதையும் பாக்கணும். கேம்ப் சாப்பாடு, போக்குவரத்து எல்லாத்துக்கும் வாலண்டியர் தலைக்கு இவ்வளவுன்னு கிராண்ட் வரும், அது யூனிட்டுக்கு வர்ற பணம், பசங்க கைக்கு வராது. சில காலேஜ்ல சுயநிதி யூனிட் ஓடுது, அங்க செலவு காலேஜோடது, அதனால எந்த மாதிரி யூனிட்னு சேரும்போதே கேட்டுக்கங்க.

இப்ப மெயின் விஷயம். ஊருக்குப் போய் வேலை செஞ்சா அது சேவை. அதுல இருந்து நீங்க ஒண்ணு கத்துக்கிட்டு வந்தாத்தான் அது படிப்பு. சர்வீஸ் லேர்னிங்னு ஒரு வார்த்தை இருக்கு, 1960கள்ல அமெரிக்காவுல புழக்கத்துக்கு வந்தது, சேவைவழிக் கற்றல்னு சொல்லலாம். இதுல மூணு கட்டம் இருக்கும், முன்னாடியே போய் ஊருக்கு என்ன தேவைன்னு கேக்கிறது, அதுக்கு ஏத்த மாதிரி வேலை செய்யுறது, முடிஞ்சதும் என்ன நடந்துச்சு ஏன் நடந்துச்சுன்னு உக்காந்து யோசிச்சு எழுதுறது. நம்ம காலேஜுங்கள்ல நடு கட்டம் மட்டும் ஜோரா நடக்கும், ஃபோட்டோவோட. முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் அம்போ. ஆனா என்.எஸ்.எஸ். மேனுவல்லயே இது ரெண்டும் இருக்கு, தத்தெடுத்த ஊர்ல சர்வே எடுக்கணும், வாலண்டியர் ஒவ்வொருத்தரும் ஒர்க் டைரி எழுதணும்னு.

எங்க கேம்ப்ல நடந்தத சொன்னா புரியும். ஏழு நாள்ல மூணாவது நாள் கண் பரிசோதனை முகாம்னு பிளான், டாக்டர் டீம் வந்தாச்சு, ஸ்கூல் கட்டடத்துல பெஞ்ச் எல்லாம் போட்டாச்சு, காலைல பத்து மணிக்கு மைக்ல கூவிக் கூவிக் கூப்பிடுறோம், வந்தது பதினோரு பேரு, அதுல நாலு பேரு சின்னப் பசங்க. எங்களுக்கு செம கடுப்பு, இந்த ஊர்க்காரங்களுக்கு அவேர்னெஸ்ஸே இல்லன்னு நாங்களே ஒரு முடிவுக்கு வந்துட்டோம். சாயங்காலம் டீக்கடை பெஞ்ச்ல ஒரு அம்மா சொன்னாங்க, “ஏந்தம்பி, பத்து மணிக்கு ஊரே நூறு நாள் வேலைல நிக்கும், வருகைப் பதிவு போயிட்டா அன்னிக்குக் கூலி போச்சு, ராத்திரி ஏழு மணிக்கு வெச்சிருந்தா மொத்த ஊரும் வந்திருக்குமே”ன்னு. அட, இத ஒருத்தர்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா முடிஞ்சுது. எங்க பி.ஓ. திட்டல, அன்னிக்கு ராத்திரி எல்லாரையும் உக்கார வெச்சு, ஏன் ஆள் வரலன்னு நீங்க நெனச்சது என்ன, நிஜக் காரணம் என்ன, ரெண்டையும் டைரில எழுதுன்னாரு. நான் எக்கனாமிக்ஸ் ஸ்டூடண்ட், கிளாஸ்ல ஆபர்ச்சுனிட்டி காஸ்ட்னு, அதாவது ஒண்ணுக்காக இன்னொண்ண விடும்போது ஆகுற இழப்புன்னு, ஒரு டாபிக்க மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்கிட்டேன், ஆனா ஒரு நாள் கூலிய விட்டுட்டு கண்ணக் காட்ட வருவாங்களான்னு யோசிக்கத் தெரியல. அந்த ஒரு பக்கம் எழுதினதுலதான் அந்தப் பாடம் எனக்குப் புரிஞ்சுது, நம்ப மாட்டீங்க.

அதனால உங்க யூனிட்ல ஏதாவது பிளான் போடும்போது உங்க டிபார்ட்மெண்ட்டோட ஒட்டி ஒரு வேலைய நீங்களே சொல்லிப் பாருங்க. கெமிஸ்ட்ரி பசங்க ஊர்க் கிணத்துத் தண்ணிய எடுத்து லேப்ல டெஸ்ட் பண்ணி அந்த ஊர் ஜனங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லலாம், காமர்ஸ் பசங்க மகளிர் சுய உதவிக் குழு கணக்கு நோட்ட எழுத ஒத்தாசை பண்ணலாம், கம்ப்யூட்டர் படிக்கிறவங்க வயசானவங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் குடுக்கலாம், தமிழ் டிபார்ட்மெண்ட் அந்த ஊர்ப் பாட்டிங்க பாடுற நாட்டுப்புறப் பாட்ட ரெக்கார்ட் பண்ணலாம். ரோட்டோரம் குப்பை பொறுக்கிறது தப்புன்னு சொல்லல, அது எல்லாராலயும் முடியும், ஆனா அதுக்கு டிகிரி எதுக்கு?

க்ரெடிட் உண்டான்னு கேப்பீங்க. தமிழ்நாட்டு ஆர்ட்ஸ் காலேஜ்ல பார்ட் ஃபைவ்னு மார்க்ஷீட்ல ஒரு வரி வரும்ல, எக்ஸ்டென்ஷன் ஆக்டிவிட்டின்னு, அதுலதான் என்.எஸ்.எஸ்.ஸும் என்.சி.சி.யும் ஒய்.ஆர்.சி.யும் வருது. தேசியக் கல்விக் கொள்கை 2020 பத்தி ஆயிரம் சண்டை இருக்கட்டும், அதுலயும் எல்லா உயர்கல்வி நிறுவனமும் சமூகத்தோட சேந்து செய்யுற க்ரெடிட் கோர்ஸ், புராஜெக்ட் வெக்கணும்னு ஒரு பாரா இருக்கு. எவ்வளவு க்ரெடிட், எந்த செமஸ்டர்ங்கிறது யூனிவர்சிட்டிக்கு யூனிவர்சிட்டி மாறும், உங்க ரெகுலேஷன் புக்லட்ல பாருங்க, சீனியர் சொன்னான்னு நம்பாதீங்க.

மத்தபடி இதுல காசு, ஸ்டைபண்ட் எதுவும் கிடையாது. வேலைக்கு கேரண்டியும் இல்ல, அப்படி யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. நல்லா செய்யுறவங்களுக்கு டெல்லி குடியரசு தின அணிவகுப்புக் கேம்ப் வரைக்கும் போற வழி இருக்கு, அதுக்கு முன்னாடி ப்ரீ ஆர்.டி. (ரிபப்ளிக் டே) கேம்ப்ல செலக்‌ஷன் நடக்கும், தேசிய என்.எஸ்.எஸ். விருதுன்னு குடியரசுத் தலைவர் கையால குடுக்கிறதும் இருக்கு. இதெல்லாம் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். வீட்ல கேட்டா இதச் சொல்லி சமாளிச்சுக்கலாம்.

சேருறதுக்கு பரீட்சை, பீஸுன்னு பெரிய சடங்கு ஒண்ணும் இல்ல, பி.ஓ.கிட்ட பேரு குடுத்து ஃபார்ம் நிரப்பணும். 2023 அக்டோபர் 31ல ஆரம்பிச்ச மத்திய அரசோட மை பாரத் இளைஞர் போர்ட்டல்லயும் பதியச் சொல்லுவாங்க. என்.சி.சி.ல இருந்துக்கிட்டே இதுலயும் இருக்க முடியாது, ஒண்ணுதான். சேர்ந்த மொத வாரமே பி.ஓ.கிட்ட மரியாதையா மூணு கேள்வி கேளுங்க, “சார், நம்ம தத்தெடுத்த ஊரு எது, கேம்ப் எந்த மாசம், டைரி எப்ப குடுப்பீங்க”. மூணுக்கும் டக்குனு பதில் வந்தா நல்ல யூனிட்ல சேந்திருக்கீங்க. பொண்ணுங்களா இருந்தா கேம்ப்ல கூட எந்த மேடம் தங்குறாங்க, டாய்லெட் வசதி எப்படின்னும் சேத்துக் கேளுங்க, கேக்கக் கூச்சமே படாதீங்க. அப்புறம் பாம்பு, தேள், ஜுரம் எல்லாம் நெஜமாவே வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம்னு கெளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கங்க.

டைரில தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார்கிட்ட பேசினீங்க, அன்னிக்கு நீங்க நெனச்சதுக்கு மாறா என்ன நடந்துச்சு, இவ்வளவும் அன்னன்னிக்கே எழுதிருங்க, மாசக் கடைசில மொத்தமா எழுதினா எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், படிக்கிறவருக்கே தெரிஞ்சுரும். மணி நேரத்துக்கு மாசத்துக்கு ஒரு தடவ கையெழுத்து வாங்கி வெச்சுக்கங்க, பி.ஓ. நடுவுல மாறிட்டா புதுசா வர்றவருக்கு நீங்க யாருன்னே தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆச்சு, பழைய ரிஜிஸ்டர தேட ரெண்டு வாரம் ஆபீஸ் வாசல்ல நின்னேன், கடைசில சர்டிபிகேட் வந்துச்சு, அதுலயும் இனிஷியல் தப்பு, இன்னும் மாத்தல.